பழைய படம் எங்கே?

ஜன்னலோரம் நின்று எக்ஸ்ரே ஃபிலிமை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார் பெரியம்மா. இடுப்புக்குச் சற்று மேலே நான்கு ஸ்க்ரூவும், அவற்றை மேலும் கீழுமாகப் பிணைத்திருக்கும் இரண்டு கம்பியும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தன. “ஏங்கண்ணு, ஆணியெல்லாம் நல்லாத்தான இருக்குது? அப்புறம் எலும்பு சேரலைன்னு எதுக்கு எழுதியிருக்காங்க?” என்றார். பக்கத்து வீட்டுக் காலேஜ் பையன் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டதிலிருந்து இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. கீழ்முதுகின் நான்காவது முள்ளெலும்பு, ஐந்தாவதின் மேல் முன்பக்கமாக நழுவி, காலுக்கு இறங்கும் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் நூறடி நடந்தாலே உட்கார இடம் தேடுவார். இப்போது தினமும் காலையில் மாரியம்மன் கோயில் வரை போய்த் திரும்புகிறார். கால்வலி விட்டுவிட்டது. நடை நன்றாக இருக்கிறது, காகிதம்தான் பயமுறுத்துகிறது.

ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: எலும்பு இணைந்ததற்கான உறுதியான அடையாளம் இந்தப் படத்தில் தெரியவில்லை, முந்தைய படங்களோடும் நோயாளியின் நிலையோடும் ஒப்பிட்டுப் பார்க்கவும். ‘தெரியவில்லை’ என்ற சொல் வீடு வந்து சேர்வதற்குள் ‘சேரவில்லை’ என்று ஆகிவிட்டது. ‘ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்பதை யாரும் படிக்கவே இல்லை. முதுகெலும்பு இணைப்பு அறுவை, அதாவது ஃப்யூஷன் செய்துகொண்ட பலருடைய வீட்டில் நடப்பது இதுதான். அதனால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றியது.

முதலில், அந்த ஆணிகளைப் பற்றி. இரண்டு எலும்பையும் ஸ்க்ரூவும் கம்பியும்தான் ஒன்றாக்குகின்றன என்றே பலரும் நினைக்கிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒட்டு மாங்கன்று கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு விஷயம் சட்டென்று பிடிபடும். நாற்றின் தண்டிலும் தாய்மரத்துக் கிளையிலும் பட்டையைச் சீவி, சீவிய முகம் இரண்டையும் ஒன்றோடொன்று வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். கட்டு அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஒட்டுவது செடியின் வேலை. கட்டு இறுக்கமாக இருப்பதை வைத்து ஒட்டுப் பிடித்துவிட்டது என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்லமாட்டார். முதுகிலும் அப்படியே. ஸ்க்ரூ, கம்பி, இரண்டு எலும்புக்கும் நடுவே வட்டு இருந்த இடத்தில் வைக்கும் கூண்டு எல்லாம் கட்டு. அவற்றைச் சுற்றி வைக்கும் எலும்புத் துணுக்குதான் ஒட்டு. அந்தத் துணுக்கை இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள், அல்லது நரம்புக்கு இடம் விடுவதற்காக அங்கேயே வெட்டியெடுத்த எலும்பைப் பொடித்து வைப்பார்கள்.

இந்தச் சிகிச்சை தொடங்கிய காலத்தில் ஸ்க்ரூவே கிடையாது. 1911-இல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃப்ரெட் ஆல்பி என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக இதை வெளியிட்டார்கள். காசநோய் முதுகெலும்பை அரித்துக் கூன் விழச் செய்யும் நோய்க்காகத்தான் அது. ஆல்பி, கால் எலும்பிலிருந்து ஒரு பட்டையைச் சீவியெடுத்து முதுகெலும்பின் முள்களைப் பிளந்து நடுவே வைத்தார். உள்ளே தாங்கிப் பிடிக்க எந்த உலோகமும் இல்லாததால் நோயாளிகள் நீண்ட காலம் படுக்கையிலேயே கிடந்தார்கள். (அதே முதுகெலும்புக் காசநோய்க்குப் பெரும்பாலோருக்கு நடமாடிக்கொண்டே மருந்து சாப்பிட்டால் போதும் என்று பிற்பாடு காட்டியதில் சென்னையில் நடந்த ஆய்வுக்கும் பங்குண்டு. நம் ஊர் ஆய்வு என்பதால் சொல்லாமல் போக மனம் வரவில்லை.) 1960-களில் பிரான்சில் ரேமண்ட் ரோய்-காமீ முள்ளெலும்பின் பின்காம்பு வழியாக ஸ்க்ரூவை இறக்கும் முறையை வளர்த்தெடுத்தார். நோயாளி சீக்கிரமே எழுந்து நடக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் ஒட்டுப் பிடிக்க எலும்பு எடுத்துக்கொள்ளும் காலம் 1911-இலும் இன்றும் ஏறத்தாழ ஒன்றே.

அந்தக் காலத்தில் உள்ளே என்ன நடக்கிறது? வைத்த எலும்புத் துணுக்கில் பெரும்பகுதி உயிரற்றது. உடம்பு முதலில் அதைக் கரைக்கத் தொடங்கும். எலும்பைத் தின்னும் செல்கள் ஒருபக்கம் அரித்துக்கொண்டே போக, எலும்பு கட்டும் செல்கள் பின்னாலேயே வந்து புதிதாகக் கட்டும். புதிதாகக் கட்டுவதும் உடனே எலும்பாகிவிடாது. முதலில் நாரும் குருத்தெலும்பும் போல மென்மையாக இருக்கும், போகப் போகத்தான் அதில் கால்சியம் படியும். எக்ஸ்ரே கதிரைத் தடுத்து வெள்ளையாக விழுவது அந்தக் கால்சியம்தான். ஆகவே ஆறாவது வாரத்தில் எடுத்த படத்தில் இணைப்பைத் தேடினால் கிடைக்காது. சிலருக்கு மூன்றாம் மாதப் படத்தில் ஒட்டு வைத்த இடம் முதல் படத்தில் இருந்ததைவிட மங்கலாகக்கூடத் தெரியும், கரைக்கும் வேலை முந்திக்கொண்டிருப்பதால். ஆறு மாதத்தில் பஞ்சுமேகம் போல ஒரு வெண்மை திரளும். ஒரு வருடம் வாக்கில் மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவே பாலம் தெரிய வேண்டும். சிலருக்கு இரண்டு வருடமும் ஆகும். புகைபிடிப்பவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், எலும்பு தேய்ந்தவர் இவர்களுக்குத் தாமதமாகும். ஒட்டாமலே போகும் ஆபத்தும் கூடுதல். நிகோடின் புதிய ரத்தக்குழாய்கள் வளர்வதைக் கெடுக்கிறது. ரத்தம் போகாத இடத்தில் எலும்பு வளராது.

பெரியம்மாவின் மூன்றாம் மாத ரிப்போர்ட் சொன்னது இதைத்தான். அந்தக் கட்டத்தில் தெரிய வேண்டியது தெரியவில்லை என்றால் கவலைப்படலாம். தெரிவதற்கு இன்னும் காலமே வராதது தெரியவில்லை என்பதற்கு ஏன் பயப்பட வேண்டும்?

அப்படியானால் மூன்றாம் மாதத்தில் படம் எதற்கு என்று கேட்கலாம். கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஸ்க்ரூ வைத்த இடத்திலேயே இருக்கிறதா, கம்பி வளைந்ததா, நழுவிய எலும்பு மறுபடி நழுவுகிறதா, கூண்டு எலும்புக்குள் புதைகிறதா. எக்ஸ்ரேயை நிற்க வைத்து எடுப்பதிலும் காரணம் இருக்கிறது: உடம்பின் பாரம் முதுகில் இறங்கும்போது எலும்புகள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் படுக்க வைத்து எடுப்பவை. நின்றால் மட்டுமே நழுவும் எலும்பு அவற்றில் நல்ல பிள்ளையாகத் தெரியும்.

கூண்டு விஷயத்தில் ஒரு சந்தேகம் அடிக்கடி வரும். “கூண்டு வெச்சதா பில்லுல போட்டிருக்கு, படத்துல காணோமே” என்று என்னிடமே ஒருவர் கேட்டார். இப்போது பல கூண்டுகள் பீக் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. எக்ஸ்ரே அதை ஊடுருவிப் போய்விடும், நிழல் விழாது. கூண்டின் உள்ளே எலும்பு வளர்வதை அது மறைக்காமல் இருப்பது ஒரு வசதி. கூண்டு எங்கே இருக்கிறது என்று தெரிவதற்காக அதில் டான்டலம் என்ற உலோகத்தில் சின்னச் சின்ன ஊசிகளைப் பதித்திருப்பார்கள். படத்தில் இரண்டு முள்ளெலும்புக்கு நடுவே கடுகு சிதறியதுபோல் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் அவைதான். அந்தப் புள்ளிகள் போன படத்தில் இருந்த இடத்திலேயே இந்தப் படத்திலும் இருந்தால் கூண்டு நகரவில்லை என்று அர்த்தம். போன படம் கையில் இல்லாவிட்டால் அந்தப் புள்ளிகளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறதா என்பதை மருத்துவர் ஊன்றிப் பார்ப்பார். சுவரில் அடித்த ஆணியைப் பிடித்துத் தினமும் ஆட்டினால் துளை பெரிதாகும்; எலும்பிலும் அதுவே நடக்கும். ஒட்டுப் பிடிக்காமல் ஒவ்வொரு அடிக்கும் எலும்பு கொஞ்சம் அசைந்தால், ஸ்க்ரூ தன் துளையை அரித்து அகலப்படுத்தும். அந்த இடைவெளிதான் படத்தில் கறுப்பு வளையமாகத் தெரியும். இதிலும் ஒரு படத்தை வைத்து முடிவு சொல்வது சிரமம். போன தடவை மெல்லிய கோடாக இருந்தது இந்தத் தடவை தடித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. வளையம் வளர்ந்துகொண்டே போனால் ஆடுகிறது என்று பொருள். கிருமித் தொற்றாலும் அப்படி ஆகலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்வார்கள். ஸ்க்ரூ முறிவதும் இதே கணக்குத்தான். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஒடியும். பூமியில் எந்த உலோகமும் முடிவில்லாமல் வளைந்துகொடுக்காது. எலும்பு பாரத்தை ஏற்றுக்கொள்ளும் வரை தாங்குவதற்காக மட்டுமே ஸ்க்ரூவை வடிவமைத்திருக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் முன்னால் குனியச் சொல்லி ஒரு படம், பின்னால் வளையச் சொல்லி ஒரு படம் எடுப்பார்கள். இரண்டுக்கும் நடுவே இணைத்த எலும்புகளின் கோணம் 5 பாகைக்குக் குறைவாக மாறி, நகர்வு 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அசைவில்லை என்று கொள்வது பரவலாக உள்ள வழக்கம். வலிக்குப் பயந்து சரியாகக் குனியாமல் படம் எடுத்துக்கொண்டால் அசையும் முதுகும் அசையாததாகவே தெரியும். இதை நோயாளிகளிடம் யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இணைப்பு நடந்ததா என்பதை நேராகப் பார்க்க எக்ஸ்ரே போதாது. உடம்பின் முன்பக்கம் முதல் பின்பக்கம் வரை உள்ள எல்லாவற்றின் நிழலும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கும். சி.டி. உடம்பை மெல்லிய வில்லைகளாகக் காட்டும். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. கருவி லண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளியைப் படம் எடுத்தது 1971-இல். அதற்காக 1979-இல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கதிரை எது எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரிலேயே ஓர் அளவு உண்டு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1,000, கெட்டி எலும்பு 1,000-க்கும் மேல். வழக்கமான கருவிகளின் அளவுகோல் 3,071-இல் முடிந்துவிடும், டைட்டானியம் ஸ்க்ரூ அதையும் தாண்டிவிடும். ஸ்க்ரூவின் பின்னால் கதிரே போய்ச் சேராததால் கணினிக்குக் கணக்கு உதைக்கிறது. அதனால்தான் ஸ்க்ரூவைச் சுற்றிச் சூரியக் கதிர் போல வெள்ளையும் கறுப்புமாகக் கீற்றுகள் விழுகின்றன. அந்தக் கறுப்புக் கீற்றை அரிப்பு என்று நினைத்துக் கலங்கியவர்களை எனக்குத் தெரியும். இப்போதைய கருவிகளில் அதைக் குறைக்கும் மென்பொருள் இருக்கிறது, ஆனால் முழுக்கப் போகாது.

அந்தக் கீற்றுகளுக்கு நடுவே மருத்துவர் தேடுவது ஒரே ஒரு விஷயத்தை: மேல் முள்ளெலும்பிலிருந்து கீழ் முள்ளெலும்பு வரை எலும்பு இழை எங்காவது அறுபடாமல் ஓடுகிறதா? வில்லைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவார். கூண்டின் நடுவே ஓடலாம், வெளியே ஓரமாக ஓடலாம். ஓரிடத்தில் தொடர்ச்சியாக ஓடினாலும் நல்ல செய்தி. அதற்கு மாறாக, ஒட்டு வைத்த இடத்தில் குறுக்கே ஒரு கறுப்புப் பிளவு முழுக்க ஓடினாலோ, வட்டு இருந்த இடத்தில் வாயுக்குமிழ் தெரிந்தாலோ அங்கே இன்னும் அசைவு இருக்கலாம். ஒரு வருடம் கழித்தும் இப்படி இருந்தால் அதற்குப் பொய்மூட்டு என்று பெயர். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் உடம்பு ஒரு மூட்டைக் கட்டிக்கொண்டது என்று பொருள்.

ஸ்க்ரூ சற்று விலகிப் போயிருக்கிறது என்று ரிப்போர்ட்டில் வந்தால் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். எலும்புக் காம்பின் சுவரை 2 மில்லிமீட்டருக்குள் தாண்டியது பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. புதிதாகக் கால் மரத்ததா, பலம் குறைந்ததா என்பதுதான் அங்கே முக்கியம். சி.டி.யை அடிக்கடி எடுக்கச் சொல்லி வற்புறுத்துவதும் வேண்டாம். கீழ்முதுகு சி.டி. ஒன்றில் ஏறக்குறைய 6 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு ஏறும். இயற்கையிலேயே ஒரு மனிதருக்கு வருடத்துக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. அதைவிட இரண்டரை மடங்கு. காரணம் இருந்தால் தயங்காமல் எடுக்கலாம், மனத் திருப்திக்காக எடுப்பதற்குரிய பொருள் இல்லை.

எம்.ஆர்.ஐ. வேறு உலகம். “உள்ள இரும்பு இருக்குதே, மிஷின் இழுத்துக்காதா?” என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது, அதனால் இழுக்காது. என்றாலும் ஸ்கேன் எடுப்பவரிடம் உள்ளே வைத்திருப்பது என்ன என்று தெரிவிக்கும் அட்டையைக் காட்ட வேண்டும். படம்தான் கெடும். உடம்பில் உள்ள நீரின் ஹைட்ரஜன் கருக்கள் எந்த அதிர்வெண்ணில் பதில் சொல்கின்றன என்பதை வைத்து அவை எங்கே இருக்கின்றன என்று கருவி கணிக்கிறது. பக்கத்தில் உலோகம் இருந்தால் காந்தப்புலம் கோணும், அதிர்வெண் மாறும், கருவி அவற்றை இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைக்கும். அதனால் ஸ்க்ரூ இருக்கும் இடம் கறுப்புக் குழி போலவும் அதன் விளிம்பு பளபளப்பாகவும் தெரியும். எஃகில் இது இன்னும் மோசம். எலும்பு சேர்ந்ததா என்று கேட்க எம்.ஆர்.ஐ. சரியான இடமில்லை. நரம்பு நசுங்கியிருக்கிறதா, சீழ் பிடித்திருக்கிறதா, பக்கத்து வட்டு எப்படி என்று கேட்டால் அதைப்போல் பதில் சொல்லும் கருவி வேறில்லை.

ஆனால் அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் எடுத்த எம்.ஆர்.ஐ. யாருக்குமே பயங்கரமாகத்தான் இருக்கும். வீக்கம், தேங்கிய ரத்தம், நீர்க்கோர்ப்பு எல்லாம் சேர்ந்து நரம்பை அழுத்துவதுபோலவே தெரியும். நோயாளியோ சுகமாக நடந்துகொண்டிருப்பார். பின்னால் சில மாதம் கழித்துக் கால்வலி திரும்பினால், அங்கே இருப்பது தழும்பா, மறுபடி பிதுங்கிய வட்டா என்று பிரித்தறிய கடோலினியம் மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றி எடுப்பார்கள். தழும்புக்கு ரத்த ஓட்டம் உண்டு, மருந்தை உறிஞ்சிப் பளிச்சிடும். வட்டுத் துண்டுக்கு ரத்த ஓட்டம் இல்லை. நடுப்பகுதி இருட்டாகவே நிற்கும். தொற்றுச் சந்தேகத்துக்குப் படத்தைவிட சில நேரம் ரத்தத்தில் சி.ஆர்.பி. அளவு உதவும். அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாளில் அது உச்சிக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் இறங்கிவிடும். இறங்கியது மறுபடி ஏறினால் விசாரிக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் அதிகம் அழவைக்கும் சொல் ‘டீஜெனரேஷன்’. இணைத்த இடத்துக்கு மேலே உள்ள வட்டு தேய்ந்திருக்கிறது என்று வரும். இரண்டு எலும்பை அசையாமல் பூட்டினால் அவற்றின் வேலை பக்கத்து மூட்டுக்குப் போவது உண்மை. கழுத்தில் இணைப்பு செய்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஆண்டுக்கு நூற்றில் ஏறக்குறைய 3 பேருக்குப் பக்கத்து மட்டத்தில் தொந்தரவு வந்ததாகச் சொன்னது. ஆனால் அதில் எவ்வளவு பூட்டால் வந்தது, எவ்வளவு வயதால் வந்தது என்று பிரிப்பது கடினம். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் வட்டுத் தேய்மானம் இருந்தது. வலியில்லாதவர்கள் அவர்கள்! நரைமுடியைப் போல இதுவும் வயதோடு வருவது. அறுவைக்கு முந்தைய எம்.ஆர்.ஐ.யிலும் அதே வட்டு அதே அளவு தேய்ந்திருந்ததென்றால், அந்தச் சொல்லுக்காகக் கலங்க எதுவும் இல்லை. இங்கேயும் பழைய படம்தான் தீர்ப்புச் சொல்கிறது.

படமும் வலியும் கைகோத்தே நடக்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. பொய்மூட்டு இருந்தும் வலியின்றி வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பாறை போல இணைந்தும் வலி தீராதவர்கள் உண்டு. அந்த வலி வேறு எங்கிருந்தோ வருகிறது. ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் நோயாளியைப் பார்ப்பதே இல்லை, படத்தை மட்டும் பார்க்கிறார். “நோயாளியின் நிலையோடு ஒப்பிடவும்” என்று அவர் எழுதுவது தட்டிக்கழிக்கும் வாசகமாகத் தோன்றலாம். எனக்கு அது மிக நேர்மையான வாசகமாகப் படுகிறது.

ஒன்றில் மட்டும் எந்தப் படத்துக்கும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் வெளியேறுவது தெரியாமல் போனாலோ, கழிக்க முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, காலில் பலம் வேகமாகக் குறைந்தாலோ, தையல் போட்ட இடத்தில் சீழோடு காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பெரியம்மாவுக்கு ஒரு வருடம் முடிந்தபோது நானும் கூடப் போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “பழைய படம் கொண்டாந்தீங்களாம்மா?” மஞ்சள் துணிப்பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் வைத்தார் பெரியம்மா: அறுவைக்கு முந்தையது, மறுநாள் எடுத்தது, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், அன்று காலை எடுத்த சி.டி.யின் சிடித் தட்டு. டாக்டர் மூன்றாம் மாத எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் செருகினார். பக்கத்தில் கணினித் திரையில் வில்லைகளை மெல்லத் தள்ளிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். கூண்டின் வலப்பக்க ஓரத்தில், பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லியதாக, சாம்பல் கலந்த வெள்ளைக் கோடு ஒன்று மேல் எலும்பிலிருந்து கீழ் எலும்புக்கு இறங்கியிருந்தது. மூன்றாம் மாதப் படத்தில் அதே இடம் வெறுமையாக இருந்தது.

“இதுங்களா?” என்று திரைக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனார் பெரியம்மா.

“இதுதான்மா.”

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை வாங்கி, சிடித் தட்டின் உறைமேல் அன்றைய தேதியை எழுதி, மற்றவற்றோடு சேர்த்துப் பைக்குள் வைத்தார்.